மருத்துவமனைக்குப் போகும் வழி: ஒரு தாயின் பயணக் கணக்கு

என் மகனுக்கு மூளை முடக்குவாதம், அதாவது மூளை பாதிப்பால் உடலின் அசைவு கட்டுக்குள் வராத நிலை. 2019 பிப்ரவரியில் பிறந்தான், பிறந்தவுடன் அழவில்லை. செஞ்சிக்கு அருகில் உள்ள எங்கள் சிற்றூரிலிருந்து சென்னைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போய் வந்த நான்கைந்து ஆண்டுகளில் நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டதற்குச் சமமாகப் பயணத்தைப் பற்றியும் கற்றுக்கொண்டேன். அரசு தரும் பயண உதவிகள் உண்மையானவை, பயன்படுபவை. ஆனால் அவற்றில் ஒன்றும் என்னைத் தேடி வரவில்லை. ஒவ்வொன்றையும் தேவை முடிந்த பிறகே அறிந்தேன். என்னைப் போன்ற இன்னொரு தாய்க்கு அந்தக் கால இழப்பு வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் இழப்பு அவன் பிறந்த பத்தொன்பதாம் நாள் நேர்ந்தது. பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, தையல் போட்ட உடம்போடு பேருந்தில் உட்கார முடியாது என்பதால், என் கணவர் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு வாடகைக் காரை அமர்த்தினார். அந்தப் பணம் கடன் வாங்கியது. 2011 ஜூன் முதல் நடப்பில் உள்ள தாய் சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாயை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், ஒரு மருத்துவமனையிலிருந்து மேல் சிகிச்சைக்கு இன்னொன்றுக்கும், பிறகு மீண்டும் வீட்டுக்கும் கட்டணமின்றிக் கொண்டு சேர்க்க வேண்டும் என்பதும், அதற்கு 102 என்ற எண் உண்டு என்பதும், அந்த உரிமை தாய்க்கு மட்டுமன்றி ஓராண்டு வரையிலான நோயுற்ற குழந்தைக்கும் உண்டு என்பதும் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சுவரில் எழுதியிருந்ததாம். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போது எந்தத் தாய் சுவரைப் படிக்கிறாள்? ஆகவே பிரசவத்துக்குப் போகும் பெண்ணோடு செல்பவர், வீடு திரும்பும் நாளுக்கு முந்தைய நாளே வார்டில் உள்ள செவிலியரிடம் “நாளைக்கு வண்டிக்குச் சொல்லிவிடுங்கள், சிஸ்டர்” என்று கேட்டு வைத்துவிட வேண்டும். கையெழுத்துப் போட்டு வெளியே வந்த பிறகு கேட்டால், வண்டி எங்கோ போயிருக்கும். கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் காத்திருக்கும் மனம் யாருக்கும் இருக்காது.

108 வேறு. அது நெருக்கடிக்கு மட்டும் உரியது. மகனுக்கு வலிப்பு வந்த இரண்டு இரவுகளில் அந்த வண்டிதான் எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. அதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் அது அருகில் உள்ள தகுந்த மருத்துவமனைக்குத்தான் கொண்டு போகுமே தவிர, நாம் வழக்கமாகக் காட்டும் சென்னை மருத்துவமனைக்கு அன்று. அந்த அருகிலுள்ள மருத்துவமனையில் பணியில் இருப்பவருக்கு நம் பிள்ளையின் கதை தெரியாது. அதனால் அவன் சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு, கடைசியாக எழுதிய சிகிச்சைக் குறிப்பு ஆகியவற்றின் நகலை ஒரு நெகிழி உறையில் போட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அந்த உறை இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

பத்து மாதமாகியும் கழுத்து நிற்காதபோது எங்களை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பிறகு கொரோனா வந்து ஓராண்டுக்கு மேல் எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021-இன் பிற்பகுதியில்தான் பயிற்சி சிகிச்சைக்காகச் சென்னைக்கு முறையாகப் போய்வரத் தொடங்கினோம். அதே ஆண்டு மே மாதம் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டது. ஊரிலிருந்து செஞ்சிக்குப் போவதும், சென்னைக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதும் எனக்கு இலவசமாயின. இடையில் திண்டிவனம் வழியாகச் சென்னை வரும் நெடுந்தூரப் பேருந்துக்கு மட்டும் பணம் கொடுக்க வேண்டும். ஒரு முறை அந்தப் பணத்தையும் மிச்சம் பிடிக்க எண்ணி, நகரப் பேருந்து நகரப் பேருந்தாக மாறி எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்தேன். மேல்மருவத்தூர் தாண்டும்போதே நண்பகல் ஆகிவிட்டது. புறநோயாளிச் சீட்டுத் தரும் நேரம் முற்பகலோடு முடிந்துவிடும். அந்த முட்டாள்தனத்தை யாரும் திரும்பச் செய்ய வேண்டாம்.

இலவசப் பயணத்தில் நான் கவனித்த வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்குக் கட்டணம் இல்லை, என் கணவருக்கு உண்டு. அவர் வந்தால் ஒரு நாள் கூலியும் போகும். இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை எப்போது என் தனி வேலையாயிற்று என்றே தெரியாமல் அது என்னுடையதாகிவிட்டது. திட்டத்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பாதி நாள்கள் போயிருக்கவே மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அது இப்படியும் வேலை செய்தது. மூன்று வயதுப் பிள்ளை பதினோரு கிலோ. கழுத்தும் முதுகும் நிற்காத பதினோரு கிலோ, நிற்கும் பதினோரு கிலோவைப் போன்றதன்று.

பெரும்பாக்கத்தில் என் அக்கா குடியிருக்கிறாள். கூவம் கரையிலிருந்து அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் அவள் வீட்டார். நகரத்துக்குள் வாழ்ந்தவளுக்கு இப்போது எல்லாமே தொலைவு. எனக்கோ அவள் வீடு பக்கம். முதல் நாள் மாலை அங்கே வந்து தங்கி, மறுநாள் விடியலில் மேடவாக்கம், வேளச்சேரி, கிண்டி என்று பேருந்து மாறி கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்துக்குப் போவேன். முதல் சில முறை அக்காவே உடன் வந்தாள். “ஏண்டி, கிண்டியில எறங்குறப்ப முன்பக்கப் படியில எறங்காத, பின்னாடி எறங்கு, அங்கதான் நிழல் இருக்கு” என்பது போன்ற அவளுடைய அறிவுரைகள் எந்த அலுவலகத்திலும் கிடைக்காதவை. அவளுக்கும் வீட்டு வேலைக்குப் போகும் நாள் ஒன்று போகும் என்பதால், நான் வழியைப் பழகியதும் அவளை நிறுத்திவிட்டேன்.

2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதன் பிறகு எங்கள் பக்கத்துப் பேருந்துகள் கோயம்பேடு வரை வராமல் அங்கேயே நின்றன. பெரும்பாக்கம் போகும் எனக்கு அது ஓரளவு வசதிதான். தாம்பரம், மேடவாக்கம் வழியாகப் போய்விடலாம். எழும்பூருக்குப் போக வேண்டியவர்களுக்குத்தான் சுமை கூடியது: முன்பு பத்துக் கிலோமீட்டர் இருந்த கடைசித் தொலைவு முப்பதை நெருங்கியது. முதல் முறை இரவு ஒன்பது மணிக்கு அங்கே இறங்கியபோது, எந்த மாநகரப் பேருந்து எந்த மேடையில் நிற்கிறது என்று தெரியாமல், ஆட்டோவுக்கு 450 ரூபாய் கொடுத்தேன். இறங்கியதும் முனையத்துக்குள்ளேயே மாநகரப் பேருந்துகள் நிற்கும் பகுதி இருக்கிறது. வெளிவாசலுக்குப் போய்விட்டால் ஆட்டோக்காரர் நம்மை விடமாட்டார். எழும்பூருக்குப் போகிறவர் வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் நிலையத்துக்குப் போய் மின்சார ரயில் ஏறுவதே சிக்கனம். பகலில் இறங்கும்படி கிளம்ப முடிந்தால், இதில் பாதிச் சிக்கல் இல்லை.

அந்த 450 ரூபாய் உறுத்தியதால், வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் அந்தப் பயணத்தின் முழுக் கணக்கையும் எழுதினேன். அன்று என் கணவரும் வந்திருந்தார். பேருந்துக்கு எல்லாமாக 380, ஆட்டோவுக்கு 450, பால், சாப்பாடு, தேநீர் 220, அவர் இழந்த கொத்துவேலைக் கூலி 900, நான் தைத்துக் கொடுக்க முடியாமல் திரும்பிப் போன துணிகளுக்கு 300. கூட்டினால் 2,250 ரூபாய். அதில் பேருந்துக் கட்டணம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான்! அதுவரை நான் அந்த ஆறில் ஒரு பங்கைக் குறைப்பதிலேயே குறியாக இருந்தேன். அன்றிலிருந்து, கட்டணத்தைக் குறைப்பது ஒரு பக்கம் இருக்க, பயணங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது எப்படி என்று மருத்துவரிடம் கேட்கத் தொடங்கினேன்.

முதலில் கட்டணத்தை முடித்துவிடுகிறேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான் எல்லாவற்றுக்கும் சாவி. நாற்பது விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாக அரசு மருத்துவர் சான்றளித்தால் அது கிடைக்கும். பிள்ளை இன்னும் சின்னவன், வளர வளரச் சரியாகிவிடும், அட்டை வாங்கினால் அதுவே நிலைத்துவிடும் என்று என் மாமியார் அஞ்சினார். அத்தையின் அந்த அச்சத்தை மதித்து இரண்டு ஆண்டுகளைத் தள்ளிப்போட்டேன். அது என் பிழை. அட்டை வாங்குவதால் பிள்ளையின் முன்னேற்றம் எதுவும் நின்றுவிடுவதில்லை. கடைசியில் 2023-இல், எங்கள் ஒன்றியத்தில் பள்ளிக்கல்வித் துறையினர் நடத்திய மருத்துவ மதிப்பீட்டு முகாமில் அதற்கு விண்ணப்பித்தோம். பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்காக மருத்துவர்களே ஒன்றியத்துக்கு வரும் முகாம் அது. ஆதார், புகைப்படம், சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றோடு அங்கே போனால், இதற்காகத் தனியாக மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை. முகாம் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடமோ, பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அட்டை கைக்கு வந்த பிறகுதான் அதன் பயன்கள் ஒவ்வொன்றாக விளங்கின. பெண்களுக்குக் கட்டணமில்லாத அதே சாதாரணக் கட்டணப் பேருந்துகளில், அட்டை வைத்திருக்கும் மாற்றுத்திறனாளியும் அவருடன் செல்லும் துணையாளர் ஒருவரும் கட்டணமின்றிச் செல்லலாம். அந்தத் துணையாளர் ஆணாகவும் இருக்கலாம். இது 2021-லேயே நடைமுறைக்கு வந்தது. நெடுந்தூர அரசுப் பேருந்தில் கட்டணத்தில் 75 விழுக்காடு தள்ளுபடி. துணையின்றிச் செல்ல இயலாதவர் என்றால் உடன் செல்பவருக்கும் அது உண்டு. ஐந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால், என் மகனுக்கு ஐந்து முடிந்த 2024 பிப்ரவரியில்தான் இந்தச் சலுகையின் அருமை தெரிந்தது. நடத்துநர்கள் பெரும்பாலும் நல்லவிதமாகவே நடந்துகொள்கிறார்கள். ஆனால் “அம்மா, ஒரிஜினல் கார்டு இருக்கா?” என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி, கைப்பேசியில் எடுத்த படத்தை ஏற்பதில்லை. ஏறும்போதே அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் சீட்டுக் கிழிப்பதற்கு முன்பே காட்டிவிட வேண்டும். கிழித்த சீட்டுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் பிறகு தகராறுதான். எங்கள் பக்கம் தனியார் பேருந்துகள் அதிகம். அவற்றில் இந்தச் சலுகைகள் ஏதும் செல்லாது. அவை சீக்கிரம் வரும் என்பதால் மனம் அலைபாயும்.

ரயிலில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 விழுக்காடு சலுகை உண்டு. திண்டிவனத்திலிருந்து எழும்பூர் வரையிலான குறைந்த தொலைவுக்கு மிச்சமாகும் தொகை சிறிது. எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: விரைவு ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பெட்டி இருக்கிறது, அகலமான கதவு இருக்கிறது, பிள்ளையைப் படுக்க வைத்து அணையாடை மாற்ற இடம் இருக்கிறது. பேருந்தில் என் மடியிலேயே எல்லாம் நடக்க வேண்டும். ஆனால் இந்தச் சலுகைக்கு ரயில்வேயின் படிவத்திலேயே அரசு மருத்துவர் சான்றளித்திருக்க வேண்டும். நான் முதலில் கொண்டு போன படிவத்தில் கையெழுத்து இருந்தது. ஆனால் புகைப்படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக விழ வேண்டிய முத்திரை இல்லை. சீட்டுக் கொடுமிடத்தில் இருந்தவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சட்டப்படி அவர் செய்தது சரிதான். எனக்குத்தான் அழுகை வந்தது. அந்த முத்திரையை வாங்க மறுபடி ஒரு நாள், மறுபடி 2,250 ரூபாய்க் கணக்கு.

அந்த நாளிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தச் சலுகையும் பயணத்தன்று கேட்டுக் கிடைப்பதில்லை; அதற்கு முந்தைய வருகையின்போது மருத்துவரின் மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்து நிமிடங்களில் கேட்டால்தான் அடுத்த பயணத்துக்குக் கிடைக்கும். ஆகவே போவதற்கு முன் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போவேன்: எந்தப் படிவம், எங்கே கையெழுத்து, எங்கே முத்திரை, ஆதாரில் உள்ளபடி பெயர் இருக்கிறதா. மருத்துவர் எழுதி முடித்ததும் எழுந்துவிடாமல், அங்கேயே ஒரு முறை படித்துப் பார்ப்பேன். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.

இனிப் பயணங்களைக் குறைத்த கதை. அதுவரை வாரம் ஒரு முறை பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் மாதம் இரண்டு முறை போவதே அரிது; போகாத வாரங்களுக்கு வெட்கப்பட்டு, ஏதேனும் பொய்க் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கு நோட்டை எழுதிய பிறகு, அதைக் கையில் வைத்துக்கொண்டு பயிற்சி அளிப்பவரிடம் உண்மையைச் சொன்னேன்: “வாரா வாரம் என்னால் வர முடியாது, மேடம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வர முடியும். அதற்கேற்பச் சொல்லிக்கொடுங்கள்.” அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். மாறாக, அன்று முழுவதும் என்னையே செய்ய வைத்து, இடுப்பை எப்படிப் பிடிப்பது, முழங்காலை எவ்வளவு மடக்குவது என்று திருத்தி, கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஊருக்கு அருகில் செய்ய வேண்டியவற்றைத் தனித்தாளில் எழுதித் தந்தார். அந்தத் தாளைக் கொண்டு வட்டார வள மையத்துக்குப் போனேன். அங்கே குறிப்பிட்ட நாள்களில் இயன்முறை சிகிச்சையாளர் வருகிறார். வர இயலாத பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருகிறார். மையத்துக்கு வரும் பிள்ளைக்குப் போக்குவரத்துப் படியும், அழைத்து வருபவருக்கு வழித்துணைப் படியும் உண்டு. வங்கிக் கணக்குக்கு அது எப்போது வரும் என்று எதிர்பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது, ஆனால் வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளரும் எங்கள் தெருவுக்கு வருகிறார். முதியவர்களுக்காகத்தான் வருகிறார் என்று எண்ணி, எதிர்வீட்டுத் தாத்தாவைப் பார்த்துவிட்டுப் போகும் அவரை நான் ஓராண்டு முழுவதும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நிறுத்திக் கேட்டேன். உள்ளே வந்தார்.

பெரும்பாக்கத்து அக்காவுக்கும் இதே பாடம் வேறு வகையில் உதவியது. அவள் பக்கத்து வீட்டில் பேச்சுத் தாமதமுள்ள ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதன் தாய் வாரந்தோறும் நகரத்தின் மறுமுனைக்குப் போய்வந்து கொண்டிருந்தாள். சோழிங்கநல்லூரில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி சிகிச்சைகளை ஒரே இடத்தில் தரும் அரசின் ‘விழுதுகள்’ மையம் இருப்பதை அக்கா சொன்ன பிறகு, ஒரே பேருந்தில் போய்வருகிறாள். நகரத்தில் இருப்பவர்களுக்கும் தொலைவு என்பது கிராமத்தவர்களின் தொலைவைப் போன்றே கண்ணுக்குத் தெரியாத செலவுதான்.

கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் என் மகனுக்குக் கிடைக்கத் தொடங்கியதும், அதில் ஒரு பகுதியைச் சென்னைப் பயணத்துக்கென்று தனியாக எடுத்து வைக்கிறேன். மழை பெய்தால் கிண்டியிலிருந்து ஆட்டோ வைப்பதற்குத்தான் அந்தப் பணம். 2024 ஆகஸ்டிலிருந்து மாநகரப் பேருந்தில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடுகின்றன. அவற்றில் படியேறாமல், சக்கர நாற்காலியோடு ஏறலாம். நாங்கள் மாறும் தடத்தில் ஒன்று வந்தால் அன்று என் முதுகு தப்பித்தது; வராவிட்டால் பழையபடி தோளில்தான்.

துணையாளருக்கும் கட்டணமில்லை என்பதை நான் அறிந்து ஓராண்டு ஆகியும், அதை என் கணவரிடம் ஒரு செய்தியாகத்தான் சொல்லியிருந்தேனே ஒழிய, நீங்கள் போங்கள் என்று சொல்லவில்லை. எனக்கு மட்டுமே எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டிருந்தது. சென்ற ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிடைக்கும் நாளை விட மனமில்லை. வேலை நின்றுபோன மழைக்காலம் என்பதால் கூலி இழப்பும் இல்லை. பையை அடுக்கிக் கொடுத்து, அட்டை எந்த அறையில், படிவம் எந்த அறையில் என்று காட்டி அவரையே அனுப்பினேன். கிண்டியிலிருந்து அழைத்தார். “பின்பக்கமா எறங்குனேன். நெழல் இருந்துச்சு” என்றார். மருத்துவமனையிலிருந்து மீண்டும் அழைத்து, பயிற்சியைத் தம்மையே செய்ய வைத்ததாகவும், இடுப்பைப் பிடிக்கும் இடத்தில் நான் இரண்டு ஆண்டுகளாகத் தவறு செய்துகொண்டிருப்பதாகவும் சொன்னார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மாலைக்குள் காய்ச்சல் சற்று விட்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து, தீபாவளிக்கென்று வந்து கிடந்த இரண்டு ரவிக்கைகளைத் தைத்து முடித்தேன்.